சிப்பாய்க்கு யார் சோறு போடுவது?

குடும்பத்தோடு வாடகைக் காரில் திருப்பதிக்குக் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். புறப்படும்போதே கணக்கெல்லாம் பேசியாகிவிட்டது. கிலோமீட்டருக்கு இவ்வளவு, டிரைவர் பேட்டா இவ்வளவு என்று. நடுவழியில் ஒரு ஹோட்டல் வாசலில் கார் நிற்கிறது. எல்லாரும் இறங்குகிறீர்கள். டிரைவர் மட்டும் இறங்கி, ஒரு துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிக்கிறார். கண்ணாடி என்னவோ சுத்தமாகத்தான் இருக்கிறது!

"அதுதான் பேட்டா கொடுக்கிறோமே!" என்கிறார் உங்கள் கணவர், மெதுவான குரலில். நீங்கள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வாங்க, நீங்களும் வந்து ஒரு வாய் சாப்பிடுங்க" என்று டிரைவரைக் கூப்பிடுகிறீர்கள்.

இந்த இருவரில் யார் கட்சி நியாயம்? வெளியூருக்கு வேலையாகப் போகிறவனின் சாப்பாட்டுச் செலவு யாரைச் சேர்ந்தது? அவனையா, அவனை அழைத்துப் போகிறவரையா?

'இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?' என்று சிரிக்காதீர்கள். இந்தக் கேள்விக்காகப் பட்டாளங்கள் கலகம் செய்திருக்கின்றன. பிரதம சேனாதிபதி ஒருவர் ராஜிநாமா செய்திருக்கிறார். மகாராணி ஒருத்தி தலையிட்டிருக்கிறாள். ஏனென்றால் உலகத்திலேயே அதிகமாக வெளியூர் வேலை பார்க்கிறவன் சிப்பாய்தான். அவன் போகிற இடத்தில் பெரும்பாலும் ஹோட்டலும் இருப்பதில்லை. "வாங்க" என்று கூப்பிட மாமியும் இருப்பதில்லை.

பேட்டா பிறந்த கதை

நாம் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோமே, 'பேட்டா', அந்த வார்த்தையே பட்டாளத்திலிருந்து வந்ததுதான். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில், முகாமை விட்டு வெளியே களத்தில் வேலை செய்யும் சிப்பாய்களுக்கும் ஆபீஸர்களுக்கும் சம்பளத்துக்கு மேல் கொடுத்த தொகைக்கு 'பத்தா' என்று பெயர். அதன் மூலம் கன்னடத்தில் நெல்லைக் குறிக்கும் 'பத்த' என்னும் சொல்லாக இருக்கலாம் என்பது அகராதிக்காரர்கள் கருத்து. ஆக, டிரைவருக்கு நீங்கள் பேட்டா கொடுக்கும்போது ஒரு கைப்பிடி நெல்லைத்தான் கொடுக்கிறீர்கள்!

நம்முடைய 'படி' மட்டும் என்னவாம்? அரிசி அளக்கும் படிதானே பயணப்படியாகவும் பஞ்சப்படியாகவும் ஆகியிருக்கிறது? சம்பளம் வேறு, சாப்பாடு வேறு என்பது நம் பாஷைக்கே தெரிந்திருக்கிறது. பல சர்க்கார்களுக்குத்தான் அது லேசில் புரியவில்லை.

ரோமாபுரிச் சிப்பாயின் வரவு செலவு

ஏறக்குறைய 1,900 வருஷங்களுக்கு முன்னால் எழுதிய ஒரு சிப்பாயின் சம்பளக் கணக்கு இன்றும் கிடைக்கிறது. நாணற்புல் தாளில் எழுதியது. இப்போது ஜினீவா நகரில் இருக்கிறது. கி.பி. 81-ஐ ஒட்டிய கணக்கு. ஆள் ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் படையைச் சேர்ந்தவன். சொந்த ஊர் டமாஸ்கஸ், வேலை பார்த்ததோ எகிப்தில். அசல் வெளியூர் உத்தியோகம்!

வருஷத்துக்கு மூன்று தவணை சம்பளம். தவணைக்கு 248 திராக்மா. பிடித்தத்தைக் கேளுங்கள். சாப்பாட்டுக்கு 80. பூட்ஸுக்கும் வாருக்கும் 12. வைக்கோலுக்கு 10. முகாமில் கொண்டாடிய பண்டிகைக்கு 20. துணிமணிக்கு 60. ஆக முதல் தவணையில் அவன் கணக்கில் மிஞ்சியது 66. மூன்றாவது தவணையில் பண்டிகைச் செலவு இல்லை. ஆனால் துணிமணிக்கு 146 போய்விட்டது. கூட்டிப் பாருங்கள்: 80, 12, 10, 146. சரியாக 248! கைக்கு ஒரு காசு கூட வரவில்லை.

மாதக் கடைசியில் மளிகைக் கணக்கு நோட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்கிறீர்கள் அல்லவா? அந்தப் பெருமூச்சை அந்தச் சிப்பாயும் விட்டிருப்பான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரோமாபுரி அவனைப் பட்டினி போடவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்தது. ஆனால் விலை போட்டுக் கொடுத்தது. சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதற்கே போயிற்று. 'நீ எங்கே இருந்தாலும் சாப்பிடத்தானே போகிறாய்? அதற்கு நான் எதற்குக் கொடுக்க வேண்டும்?' என்பது சக்கரவர்த்தியின் கட்சி. உங்கள் கணவர் ஹோட்டல் வாசலில் சொன்னாரே, அவருக்குத் துணை ரோமாபுரிச் சக்கரவர்த்தி!

ஆற்காட்டுக் கஞ்சியும் பம்பாய்க் கலகமும்

நம் பக்கத்துக்கு வருவோம். 1751-ல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டைக்குள் முற்றுகையில் மாட்டிக் கொண்டிருந்தபோது நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். அரிசி குறைந்துகொண்டே வந்ததாம். அப்போது நம் ஊர்ச் சிப்பாய்கள் கிளைவிடம் வந்து, "சோற்றை வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கொடுங்கள். வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும்" என்றார்களாம். மெக்காலே இதை மிகவும் உருக்கமாக எழுதி வைத்திருக்கிறார். பல தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்த கதை இது.

கஞ்சியைக் குடித்துச் சண்டை போட்ட சிப்பாயின் கதை பாடப் புத்தகத்துக்குப் போயிற்று. ஆபீஸர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1757-ல் பிளாசி யுத்தம் முடிந்ததும், வங்காளத்து நவாபாக வந்த மீர் ஜாபர் கம்பெனி ஆபீஸர்களுக்கு இரட்டைப் பேட்டா கொடுத்தார். நவாபின் பையிலிருந்து வந்தவரை யாருக்கும் வலிக்கவில்லை. செலவு கம்பெனியின் தலையில் விழுந்ததும் லண்டனிலிருந்து உத்தரவு பறந்தது: 'இரட்டைப் பேட்டாவை நிறுத்து!' 1766-ல் கிளைவே அதை நிறுத்தினார். உடனே ஆபீஸர்கள் கூடிப் பேசி, கும்பல் கும்பலாக ராஜிநாமா கடிதம் நீட்டினார்கள். கிளைவ் மசியவில்லை. சென்னையிலிருந்து வேறு ஆபீஸர்களை அனுப்பச் சொல்லி எழுதிவிட்டு, தாமே நேரில் போய்க் கலகத்தை அடக்கினார். அந்த நெருக்கடியில் சிப்பாய்கள் அவர் பக்கம் நின்றார்கள். மறுபடியும் கஞ்சிக்காரர்கள்தான்!

ஆனால் கஞ்சிக்காரர்களின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. அது 1844-ல் தெரிந்தது.

சென்னைப் பட்டாளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பட்டாளம் எங்கே போகிறதோ அங்கே சிப்பாயின் குடும்பமும் கூடவே போகும். மனைவி, குழந்தைகள், சில சமயம் வயதான தாயார் எல்லாரும் மாட்டு வண்டியில் பின்னாலேயே வருவார்கள். ஒரே அடுப்பு, ஒரே உலை. சிப்பாய் தன் சம்பளத்திலிருந்து பஜாரில் தானியம் வாங்கிக் கொடுப்பான்; அவள் பொங்கிப் போடுவாள். கப்பலேறிப் போக வேண்டி வந்தால்தான் சங்கடம். குடும்பம் கரையிலே நின்றுவிடும். சம்பளத்தில் ஒரு பங்கை அவர்களுக்கு எழுதி வைத்துவிட்டு, மிச்சத்தில் அவன் வயிற்றைக் கழுவ வேண்டும். ஓர் அடுப்பு இரண்டு அடுப்பாகிவிடும்.

பர்மாவிலுள்ள மௌல்மீனுக்குப் போக இருந்த சென்னைக் காலாட்படையின் 47-வது பட்டாளத்தை, திடீரென்று சிந்து தேசத்துக்குப் போகச் சொன்னார்கள். பர்மாவுக்குப் போகிறவர்களுக்கு உண்டான அதே படி கிடைக்கும் என்று சென்னை கவர்னர் வாக்குக் கொடுத்தார். அதை நம்பிச் சிப்பாய்கள் கப்பலேறினார்கள். பம்பாய்க்கு வந்த பிறகு கல்கத்தாவிலிருந்து செய்தி வந்தது: 'சிந்து இப்போது நம் ராஜ்யத்தைச் சேர்ந்ததாகிவிட்டது. அது அன்னிய தேசம் அல்ல. ஆகவே அந்தப் படி கிடையாது.'

தேசப் படத்தில் கோட்டை மாற்றிப் போட்டார்கள். சிப்பாயின் தட்டில் சோறு குறைந்துவிட்டது! அணிவகுப்பு மைதானத்திலேயே சிப்பாய்கள் கீழ்ப்படிய மறுத்தார்கள். முன்பணம் கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. 'வாளை எடுத்த கையில் சோற்றுக்கு மல்லுக்கு நின்றார்களே!' என்று அக்காலத்து அதிகாரிகள் அங்கலாய்த்தார்கள். கரையில் விட்டு வந்த அந்த இன்னொரு அடுப்பை அவர்கள் கணக்கில் எழுதவே இல்லை.

1850-ல் இன்னொரு கூத்து. தானிய விலை ஏறினால் சிப்பாய்க்கு ஈடுகட்டிக் கொடுக்கும் தொகையை எப்படிக் கணக்கிடுவது என்பதில் விதி மாறியிருந்தது. புது விதிப்படி சிப்பாய்க்குக் கிடைப்பது குறையும். பிரதம சேனாதிபதி சர் சார்லஸ் நேப்பியர், 'இந்தச் சமயத்தில் இது ஆபத்து' என்று தாமாகவே அந்த விதியை நிறுத்தி வைத்தார். 'அதைச் செய்ய உமக்கு ஏது அதிகாரம்?' என்று கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி கண்டித்தார். நேப்பியர் ராஜிநாமா செய்துவிட்டுக் கப்பலேறினார். ஒரு சாம்ராஜ்யத்தின் இரண்டு பெரிய மனிதர்களைப் பிரித்தது, சிப்பாயின் மாவும் பருப்பும்!

அடுத்த வீட்டு அடுப்பு

'சர்க்காரும் கொடுக்க வேண்டாம், சிப்பாயும் கொடுக்க வேண்டாம். அவன் எந்த ஊரில் இருக்கிறானோ அந்த ஊர்க்காரர்கள் போடட்டுமே!' என்று ஒரு மூன்றாவது வழியும் உண்டு. இது மிகவும் சுலபமான வழி. அதாவது, உத்தரவு போடுகிறவருக்குச் சுலபம்.

1765-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு இப்படி ஒரு சட்டம் போட்டது. அங்கே இருக்கும் ராஜாவின் துருப்புகளுக்குத் தங்க இடம், படுக்கை, விறகு, மெழுகுவத்தி, உப்பு, வினிகர், சமையல் பாத்திரம், குடிக்கக் கொஞ்சம் பீர் அல்லது ஆப்பிள் மது, எல்லாம் அந்தந்தக் குடியேற்றமே இலவசமாகக் கொடுக்க வேண்டும். ஜாபிதாவைப் பார்த்தால் சம்பந்தி வீட்டார் கொடுத்தனுப்பிய சீர்வரிசை ஜாபிதா மாதிரி இருக்கிறது! நியூயார்க் சட்டசபை, 'முடியாது' என்றது. 1767-ல் பார்லிமெண்ட், 'அப்படியானால் உன் சட்டசபையே நடக்கக் கூடாது' என்று இன்னொரு சட்டம் போட்டது. 1776-ல் அமெரிக்கர்கள் சுதந்திரப் பிரகடனம் எழுதியபோது, ராஜா செய்த குற்றங்களின் வரிசையில் தங்கள் மத்தியில் படைகளைக் கொண்டு வந்து இறக்கியதையும் சேர்த்தார்கள். 1791 முதல் அவர்களுடைய அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது: சமாதான காலத்தில், வீட்டுக்காரர் சம்மதமில்லாமல் எந்த வீட்டிலும் சிப்பாயைத் தங்க வைக்கக் கூடாது.

சர்க்கார் கொடுக்காத சாப்பாடு மாயமாக மறைந்துவிடுவதில்லை, பார்த்தீர்களா? யாரோ ஒரு வீட்டுப் பானையிலிருந்துதான் அது வருகிறது. 'வாங்க' என்று மனமுவந்து கூப்பிடுவது விருந்து. 'போடு' என்று சட்டம் போட்டுக் கேட்பது வரி.

ஆஸ்பத்திரியில் வந்த பில்

இதுவரை சொன்னதெல்லாம் நடமாடுகிற சிப்பாயின் கதை. படுத்துவிட்ட சிப்பாயின் கதையைக் கேளுங்கள்.

1854-ல் கிரைமியா யுத்தம். காயம்பட்டவர்களும் காய்ச்சலில் விழுந்தவர்களுமாகப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் துருக்கியிலுள்ள ஸ்குடாரி ஆஸ்பத்திரியில் ஆயிரக்கணக்கில் கிடந்தார்கள். நவம்பர் மாதம் பிளாரென்ஸ் நைட்டிங்கேல் 38 தாதிகளோடு அங்கே போய்ச் சேர்ந்தார். விளக்கை ஏந்திய சீமாட்டி என்று அவரைப் பற்றி நமக்குத் தெரியும். அவர் கணக்கிலும் மகா கெட்டிக்காரி என்பது பலருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தவர் நோயாளியின் நாடியை மட்டும் பார்க்கவில்லை. சம்பளப் பிடித்தத்தையும் பார்த்தார்.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் நாளுக்கு ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்ஸ். ஆஸ்பத்திரியில் படுத்தால், 'அங்கேதான் உனக்குச் சாப்பாடு கிடைக்கிறதே!' என்று பிடித்தம் செய்வார்கள். குண்டடி பட்டுப் படுத்தவனுக்கு நாளுக்கு நாலரை பென்ஸ். வியாதி வந்து படுத்தவனுக்கு 9 பென்ஸ்! குளிரிலும் சேற்றிலும் பட்டினியிலும் வந்த வியாதி அது. யுத்தத்தின் காயமேதான், ரத்தம் வரவில்லை, அவ்வளவுதான். அதற்காகச் சம்பளத்தில் முக்கால் பங்கு போயிற்று. ஊரில் அந்தச் சிப்பாயின் வீட்டில் என்ன வெந்திருக்கும்?

சிப்பாய்களுக்குத் தன்னால் என்ன செய்ய முடியும் என்று விக்டோரியா மகாராணி கேட்டனுப்பியபோது, நைட்டிங்கேல் பட்டுப் போர்வையா கேட்டார்? இந்தப் பிடித்தத்தைச் சமமாக்குங்கள் என்று கேட்டார். அப்படியே ஆயிற்று. வியாதிக்காரர்களுக்கும் நாலரை பென்ஸ்தான் என்று உத்தரவு வந்தது. ஆல்மா யுத்தம் நடந்த நாளிலிருந்தே கணக்கிட்டுச் சேர்த்துக் கொடுத்தார்கள்.

'அது பழைய காலம். இப்போது அப்படி நடக்குமா?' என்று கேட்பீர்கள். 2003-ல் நடந்தது. அதுவும் செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில்.

ஈராக் யுத்தத்தில் கையெறி குண்டு வெடித்துப் பாதத்தில் ஒரு பகுதியை இழந்த ஒரு படைவீரர், வாஷிங்டனுக்குப் பக்கத்தில் பெதஸ்டாவிலுள்ள கடற்படை ஆஸ்பத்திரியில் 26 நாள் படுத்திருந்தார். வீடு திரும்பிய பிறகு அவருக்கு ஒரு பில் வந்தது. சாப்பாட்டுக்கு நாளுக்கு 8 டாலர் 10 செண்ட் வீதம், 210 டாலர் 60 செண்ட்! கொடுத்த காரணம் என்ன தெரியுமா? 'உங்களுக்குச் சாப்பாட்டுப் படி தனியாகக் கொடுக்கிறோம். ஆஸ்பத்திரியிலும் சாப்பாடு போட்டோம். ஒரே வயிற்றுக்கு இரண்டு தடவை கொடுக்க முடியுமா?' ஸ்குடாரியில் சொன்ன அதே காரணம்! 1958-ல் ஆபீஸர்களுக்காக வந்த விதி, 1981-ல் சாதாரண வீரர்களுக்கும் நீண்டிருந்தது.

அந்த ஆஸ்பத்திரிக்கு வழக்கமாக வந்து காயம்பட்டவர்களைப் பார்த்துப் போகும் ஒரு பெண்மணி இருந்தார். பெயர் பெவர்லி யங். அவருடைய கணவர் பில் யங், புளோரிடாவிலிருந்து வந்த காங்கிரஸ் அங்கத்தினர். சர்க்கார் செலவுக்குப் பணம் ஒதுக்கும் கமிட்டிக்கே அப்போது தலைவர். விஷயம் தெரிந்ததும் பில் யங் அந்த பில்லுக்குத் தம் பையிலிருந்தே பணம் கட்டினார். அதோடு நிற்காமல் மசோதா கொண்டு வந்தார். அதே வருஷத்தில் சட்டம் மாறியது. யுத்தத்தில் காயம்பட்டுப் படுத்தவர்களிடம் சாப்பாட்டுக்குக் காசு வாங்கக் கூடாது என்று ஆயிற்று.

கிட்டத்தட்ட 150 வருஷ இடைவெளியில் இரண்டு சம்பவங்கள். இரண்டிலும் ஆஸ்பத்திரிக் கட்டில் அருகே ஒரு பெண் போய் நின்றாள். தர்பாரிலும் காரியாலயத்திலும் உட்கார்ந்து பார்த்தவர்கள் கண்ணில் படாத கணக்கு அந்த இடத்திலிருந்து தெரிந்திருக்கிறது.

இன்றைய கணக்கு

இன்று பல தேசங்கள் ஒருவாறு ஒரு முடிவுக்கு வந்திருக்கின்றன. பிரிட்டனில், ஊரிலுள்ள முகாமில் இருக்கும்போது சிப்பாய் தன் சாப்பாட்டுக்குத் தானே பணம் கொடுக்கிறான். முன்பெல்லாம் சம்பளத்தில் மொத்தமாகப் பிடித்தார்கள். இந்த நூற்றாண்டில் 'சாப்பிட்டதற்குக் கொடு' என்ற முறை வந்தது. யுத்த களத்துக்கோ களப் பயிற்சிக்கோ அனுப்பினால் சாப்பாடு சர்க்காரைச் சேர்ந்தது.

அமெரிக்காவில் சாப்பாட்டுக்கென்று மாதப் படி உண்டு. 2024-ல் அது சாதாரண வீரருக்கு 460 டாலர் 25 செண்ட். ஆபீஸருக்கு 316 டாலர் 98 செண்ட். சின்ன உத்தியோகத்துக்குப் பெரிய படி! வேடிக்கையாக இல்லை? ஆதியில் சிப்பாய்க்குச் சாப்பாட்டை சர்க்கார் போட்டது. ஆபீஸரோ சொந்தச் செலவில் சாப்பிட வேண்டிய கனவான். அந்தப் பழைய வித்தியாசத்தின் வால் இன்னும் அறுபடவில்லை. இந்தப் படி வீரர் ஒருவருக்கு மட்டும்தான், வீட்டிலிருப்பவர்களுக்கு அல்ல.

நம் தேசத்தில் ஜவான்களுக்கு ரேஷன் உண்டு. களத்திலிருக்கும் ஆபீஸர்களுக்கும் உண்டு. 1983 முதல், களமில்லாத சாதாரண ஊர்களில் வேலை பார்க்கும் ஆபீஸர்களுக்கும் ரேஷன் கொடுத்து வந்தார்கள். அரிசி, மாவு, பருப்பு, முட்டை என்று ஓர் ஆள் பங்கு வீடு வந்து சேரும். ஏழாவது சம்பளக் கமிஷன், 'இது வேண்டாம்' என்று சிபாரிசு செய்தது. 2017 ஜூலையில் பண்டத்தை நிறுத்திவிட்டுப் பணமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆபீஸர்களிடையே அதிருப்தி எழுந்தது. 2019-ல் பண்டமே திரும்பி வந்தது.

பணம் கொடுத்தால் போதாதா, பண்டம்தான் வேண்டுமா? இதற்குப் பதில் சொல்ல உங்களை விடத் தகுதியானவர்கள் யார்? வீட்டுக்கு வந்த பணம் எந்தப் பெயரில் வந்தது என்று சொல்லிக் கொண்டா இருக்கிறது? பள்ளிக்கூடக் கட்டணத்தைக் கண்டால் அந்தப் பக்கம் ஓடிவிடுகிறது. பருப்பு பருப்பாகவே இருக்கும். தவிர, பணத்தை ஒரு தடவை நிர்ணயம் செய்துவிட்டு உட்கார்ந்து விடுகிறார்கள், விலைவாசி உட்காருவதில்லை. 1850-ல் நேப்பியர் பயந்தது அதற்குத்தானே?

எதிர்க்கட்சி சொல்வது என்ன?

இப்போது உங்கள் கணவர் கட்சிக்கும் நியாயம் செய்ய வேண்டும். அவர் கேட்பார்: "சிப்பாய் வீட்டிலிருந்தாலும் சாப்பிடத்தானே செய்வான்? அந்தச் செலவு வீட்டுக்கு மிச்சம்தானே? அப்புறம் ஏன் வரி கொடுக்கிறவன் கொடுக்க வேண்டும்?"

நல்ல கேள்வி. உள்ளூரில் நிம்மதியாக உத்தியோகம் பார்த்துவிட்டு, தன் விருப்பப்படி சாப்பிடுகிறவர் தம் சாப்பாட்டுக்குத் தாமே கொடுப்பதில் அநியாயம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆசிரியரும் நர்ஸும் அப்படித்தானே செய்கிறார்கள்?

ஆனால் 'வீட்டுக்கு மிச்சம்' என்றாரே, அங்கேதான் இடிக்கிறது. அடுப்பங்கரைப் பக்கம் வராதவர் போடும் கணக்கு அது. நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒருவர் வெளியூர் போனால் செலவு நாலில் ஒரு பங்கா குறைகிறது? ஓர் ஆழாக்கு அரிசி குறையும். குழம்பு அதே குழம்புதான், எரிகிற அடுப்பு அதே அடுப்புதான், குழந்தைக்கு வாங்கும் பாலும் அதேதான். வெளியூரிலோ அவருக்குத் தனி உலை ஏற வேண்டும். மிச்சமாவது ஒரு கைப்பிடி. புதிதாக முளைப்பது ஒரு முழு அடுப்பு. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தொகை யாரைச் சேர்ந்தது? அந்த இரண்டாவது அடுப்பை மூட்ட வைத்தவர் யாரோ அவரைச் சேர்ந்தது. சிப்பாய் தானாகக் கிளம்பிப் போகவில்லை. போ என்று ஒருவர் சொன்னார், போனான். 'வர மாட்டேன்' என்று சொல்ல அவனுக்கு உரிமையும் இல்லை.

ஆஸ்பத்திரியில் படுத்தவன் விஷயமும் இதுதான். அவன் கட்டிலில் கஞ்சி குடிப்பதால் ஊரில் அவன் வீட்டு வாடகை நின்றுவிடுவதில்லை.

கடன் யாருடையது?

நம் தமிழில் 'செஞ்சோற்றுக் கடன்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. சோறு போட்டவனுக்காக உயிரையும் கொடுப்பது. கர்ணனை நினைத்தால் இந்த வார்த்தையும் கூடவே நினைவுக்கு வருகிறது. உண்டவன் பட்ட கடனைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். போட வேண்டியவன் பட்ட கடனைப் பற்றியும் பழைய தமிழர்கள் அறிந்திருந்தார்கள். போருக்குப் புறப்படும் வீரர்களுக்கு அரசன் சோறு படைப்பதற்குப் 'பெருஞ்சோற்று நிலை' என்று இலக்கணத்திலேயே ஒரு துறை வகுத்து வைத்தார்கள். பாரதப் போரில் படைகளுக்குச் சோறு போட்டதாகப் புகழப்படும் சேர மன்னனுக்கு 'பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதன்' என்றே பெயர். அந்தப் பெயர் அவனுக்கு வெற்றியால் வரவில்லை, சோற்றால் வந்தது!

வெள்ளம் வந்து, 2015-ல் சென்னைக்கு வந்தது போல ராணுவம் படகோடு உங்கள் தெருவுக்கு வந்தால், நனைந்து நிற்கும் ஜவானுக்கு ஒரு டம்ளர் காபி கொடுக்கத்தான் உங்கள் கை நீளும். நீளட்டும். அதை எந்தச் சட்டமும் தடுக்க வேண்டாம். ஆனால் அந்த டம்ளரை நம்பி ஒரு சர்க்கார் தன் ஜவானை அனுப்பக் கூடாது. அன்பு உங்களுடையது, கடன் அதனுடையது.

சரி, ஹோட்டல் வாசலில் விட்டு வந்த டிரைவரைக் கொஞ்சம் கவனிப்போம். அவர் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார். தரிசனமும் நன்றாக ஆயிற்று. ராத்திரி வீடு வந்து சேர்ந்ததும் உங்கள் கணவர் பர்ஸைத் திறக்கிறார். நோட்டை எண்ணும்போது சற்று யோசிக்கிறார். "மத்தியானம் நாமேதானே சாப்பாடு வாங்கிக் கொடுத்தோம்? பேட்டாவில் கொஞ்சம்..."

உடனே குறுக்கே வந்து தடுத்துவிடுங்கள். ஸ்குடாரியில் 9 பென்ஸ் பிடித்ததும் பெதஸ்டாவில் 210 டாலருக்கு பில் அனுப்பியதும் இதே கணக்கைப் போட்டவர்கள்தான் என்று சொல்லுங்கள். அவருக்கு ஒன்றும் புரியாமல் போகலாம். பரவாயில்லை, பேட்டாவை முழுசாகக் கொடுத்துவிடுவார்.